ஏசுவதற்கு ஒரு பாயோ

இருந்தவர்கள்:
லாஸீ தம்சே. வென்தாரா படையில் கார்ப்ரல். போருக்கு முன் சூம்பாரா தடத்தில் வேன் ஓட்டினான்.
தியெமா பாயோ. அக்கரை நாடான கோசிரியின் சிப்பாய், நேற்று பிடிபட்டவன். ஊரில் தையல்காரன். பெயர் அவன் சொன்னபடி.
யாந்தே. லாஸீயின் அம்மா.
நுகூ தம்சே. லாஸீயின் அண்ணன். பேசமாட்டான்.

— கிண்ணம் அப்படியே கிடக்கு. பயறுன்னா பாயோக்காரன் கிண்ணத்தையும் சேத்துத் தின்பான்னு சொல்வாங்க.

— பசிக்கல, கார்ப்ரல். நன்றி.

— நன்றி வேற. சரி, எந்திரி. வெளிய போகணும்.

— லாரி வந்திருச்சா?

— லாரி பொழுது சாஞ்சப்புறம்தான். இது வேற சவாரி.

— செவுத்துப் பக்கமா? சுடவா?

— செவுத்துப் பக்கம் கூட்டிட்டுப் போறவனுக்கு எவனாவது பயறு வேகவச்சுக் குடுப்பானா? சாவு வீட்டுக்கு. நீ வந்து ஏசணும்.

— யார?

— செத்தவனத்தான், வேற யார? என் அண்ணன் நுகூ. நேத்து விடியக்காலம் எங்க படையோட ஆத்தக் கடந்து போகும்போது உங்க ஆளுங்க சுட்டுட்டாங்க.

— நேத்து விடியக்காலமா?

— ஆமா.

— எந்தத் துறையில?

— புளியமரத் துறையில. ஏன்?

— சும்மா கேட்டேன்.

— சும்மா கேக்குற நேரமா இது? நேத்து செத்தவன் இன்னும் கட்டில்ல கிடக்கான். இந்த வெயில்ல. வயிறு ஊதிருச்சு. வாசல்ல நிக்கிறவன் எல்லாம் துணிய மூக்குல வச்சுக்கிட்டு நிக்கிறான். குழி வெட்டியாச்சு. அம்மா இறக்க விடமாட்டேங்குது.

— பாயோ வந்து ஏசணும்னா?

— பின்ன? ரெண்டு குலத்துக்கும் ஏச்சுதான உறவு? பாயோ வாய் படாம ஒரு தம்சே மண்ணுக்குள்ள போனதில்ல. உங்காளு குழியில இறங்கிப் படுத்துக்கணும், செத்தவன நாறடிக்கணும், நாங்க அவன் செருப்பக் குடுத்ததும் எந்திரிக்கணும். அப்பத்தான் பிணம் இறங்கும். இதெல்லாம் உனக்கே நான் சொல்லித்தரணுமா? நீ பாயோதான?

— ஊர்ல வேற பாயோ இல்லையா?

— இருந்தாங்க. சந்தைத் தெருவுல பாதி அவங்கதான்.

— எங்க இப்ப?

— அக்கரையில. சண்ட ஆரம்பிச்ச வாரமே துரத்தியாச்சு. ஆத்து நடுவுல ஒரு மணல் திட்டு, மழை வந்தா அதுவே இருக்காது. அது யாருக்குன்னு ரெண்டு தலைநகரத்துலயும் அடிச்சுக்கிட்டாங்க. இங்க பாயோ இருந்தா வேவு பாப்பான்னு லெப்டினன்ட் சொன்னாரு. கூரையெல்லாம் கொளுத்தினோம்.

— யாரு கொளுத்தினது?

— நான்தான்டா. அவரு சொன்னாரு, நான் பெட்ரோல் ஊத்தினேன். ஒருத்தி, பணியாரம் சுட்டு விக்கிறவ, தன் கூரை எரியுறதப் பாத்துக்கிட்டே கத்துறா: ‘கழுதை திருடா, உனக்குத் தீ வைக்கக்கூடத் துப்பில்லையே, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தியா, உன் மீசைதான்டா முதல்ல எரியும்.’ எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அவளும் சிரிச்சா. அப்புறம் மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு ஆத்துல இறங்கிப் போயிட்டா.

— இப்ப ஏச ஆளில்ல.

— இப்ப ஏச ஆளில்ல. எந்திரி.

— நான் வரல, கார்ப்ரல்.

— என்ன?

— என்னால முடியாது.

— ஏன் முடியாது? ஏசுறதுக்கு வலிக்குதா? பாயோக்காரன் தம்சேய ஏசமாட்டேன்னு சொன்னா அதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், தெரியுமில்ல?

— தெரியும்.

— சொல்லு பாப்போம்.

— கையில தம்சே ரத்தம் இருக்கிறவன் ஏசக்கூடாது. ஏசினா வாய் கோணிரும்.

— அப்ப நீ அந்தத் துறையிலதான் நின்னியா?

— நின்னேன்.

— சுட்டியா?

— நான் தையல்காரன், கார்ப்ரல். போன மாசம்தான் பிடிச்சுட்டு வந்து கையில துப்பாக்கியத் திணிச்சாங்க. அது சிக்கிக்கிச்சு. வெடிக்கல. பக்கத்துல நின்னவங்க சுட்டாங்க.

— என் கண்ணப் பாத்துச் சொல்லு.

— வெடிக்கல.

— பின்ன ஏன் வரமாட்டேங்குற?

— ஏன்னா… நான் பாயோ இல்ல.

— ம்.

— என் பேரு தியெமா கொர்ரோ. பொண்டாட்டிதான் பாயோ. என்னப் பிடிச்சப்ப உங்க ஆளுங்க ஒருத்தன ஒருத்தன் ‘தம்சே, தம்சே’ன்னு கூப்பிடுறது காதுல விழுந்துச்சு. தம்சே பாயோவச் சுடமாட்டான்னு என் பொண்டாட்டி சொல்வா. அவ பேரச் சொல்லிட்டேன். எனக்கு ஏசுற உரிமை இல்ல. அடிக்கிறதுன்னா அடி.

— எதுக்கு அடிக்கணும்? எனக்கு நேத்தே தெரியும்.

— எப்படி?

— சோத்தக் குடுத்தேன், நன்றின்னு சொன்ன. பாயோ எவனாவது தம்சேகிட்ட நன்றி சொல்வானா? ‘இத நாயிக்குக் காட்டினியா முதல்ல’ன்னு கேப்பான். இன்னிக்கும் நன்றி சொல்ற. பொய் சொல்லத் தெரிஞ்சவனுக்கு மரியாதையில்லாம இருக்கத் தெரியல.

— தெரிஞ்சும் லெப்டினன்ட்கிட்ட சொல்லலையா?

— சொன்னா உன்ன இங்கயே சுடச் சொல்வாரு. என்னத்தான் சொல்வாரு. எனக்கு அந்த வேலை வேண்டாம்னு இருந்தேன். நேத்து உன்னச் சுடுறதுக்கு எங்க ஆளு எவனும் முன்னால வரல, பாயோவாச்சேன்னு. அதான் தலைமையிடத்துக்கு அனுப்புறாரு. அங்க தம்சேயும் கிடையாது, பாயோவும் கிடையாது. அங்க பேரு கேக்கமாட்டாங்க.

— அங்க சுட்டுருவாங்க.

— ரைட்டு. அங்க சுட்டுருவாங்க. அதனால நான் சொல்றதக் கேட்டுக்க. நீ வந்து ஏசு. நல்லா ஏசு. எங்கம்மா மனசு ஆறி பிணம் இறங்கணும். முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து இந்தப் பஞ்சுக் கிடங்குல விடுவேன். பூட்டு தொங்கும், கொக்கியில மாட்டியிருக்காது. நான் மூத்திரம் போவேன். புளியமரத் துறையில தண்ணி முழங்காலுக்குத்தான்.

— எங்கிட்ட எதுக்கு இவ்வளவு பெரிய உபகாரம்?

— உனக்கில்லடா. கட்டில்ல கிடக்கிறவனுக்கு. பாயோன்னு ஒரு வாய் வேணும், உன்கிட்ட ஒண்ணு இருக்கு. அது உன் வாயா உன் பொண்டாட்டி வாயான்னு பிணம் கேக்காது.

— உங்க அம்மா கேட்டா?

— அது அழுதுக்கிட்டு இருக்கு. எங்க கேக்கப்போகுது. ஏசத் தெரியும்ல?

— வாரா வாரம் சந்தையில என் பொண்டாட்டி எவனாவது ஒரு தம்சேயப் பிடிச்சு உரிப்பா. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே பொத்தான் தைப்பேன்.

— போதும். வழியில நுகூவப் பத்திச் சொல்றேன், ஞாபகம் வச்சுக்க. பாட்டு வராது, ஆனா பாடுவான். ஒரே பொண்ணு பின்னால ஏழு வருசம் சுத்தினான், அவ கண்ணு தெரியாதவன் ஒருத்தனக் கட்டிக்கிட்டா. பயங்கரமா குறட்டை விடுவான். கைய நீட்டு, கட்டணும்.

*

— யாருடா குழிக்குள்ள?

— நான்தான் கிழவி. பாயோ. எழுப்பாத, இப்பத்தான் கண்ணு அசந்துச்சு.

— எந்திரிடா பயறு தின்னி. அது என் மகன் படுக்கிற இடம்.

— உன் மகன் எதுக்கு இங்க? இவ்வளவு பெரிய குழி எதுக்கு ஒரு தம்சேக்கு? திருடின கழுதைங்களையும் சேத்துப் பொதைக்கப் போறீங்களா?

— அடப்பாவி. கேட்டீங்களாய்யா இவன் பேசுறத?

— கேக்கட்டும். மூக்கப் பொத்தினவன் காதையும் சேத்துப் பொத்திக்கட்டும். யாரப்பா கட்டில்ல? நுகூவா? உயிரோட இருந்தப்பவும் இதே வாசனைதான்னு கேள்விப்பட்டேன்.

— என் மகன் வாரத்துக்கு ரெண்டு தடவ குளிப்பான்!

— ஆத்துல விழுந்தத எல்லாம் குளிச்ச கணக்குல சேக்காத, கிழவி. ஏம்மா, இவன் பாடினா ஊர்ல கோழி முட்டை போடாதாமே?

— பாடுவான். மோசமாத்தான் பாடுவான். அத ஏன்டா இப்ப ஞாபகப்படுத்துற?

— ஏழு வருசம் ஒருத்தி பின்னால சுத்தினானே, அவ கடைசியில கண்ணு தெரியாதவனக் கட்டிக்கிட்டா. ஏன் தெரியுமா? கண்ணு தெரியாதவன் பாட மாட்டான்னு யாரோ அவகிட்ட சொல்லியிருக்காங்க.

— ஐயோ… லாஸீ, சிரிக்காதடா. அண்ணன் கிடக்கான், நீ சிரிக்கிற.

— நீயும்தான் சிரிக்கிற, அம்மா.

— சிரிக்கல. நெஞ்சு அடைக்குது. நீ ஏசுப்பா. நிறுத்தாத.

— இந்தச் சட்டைய எவன் தைச்சான்? காலர் ஒரு பக்கம் கோசிரியப் பாக்குது, ஒரு பக்கம் வென்தாராவப் பாக்குது. எல்லைய இவன் கழுத்துல போட்டிருந்தா சண்டையே வந்திருக்காது. வீரனாம் வீரன். இவன் சண்டைக்கு வந்த அழகு இருக்கே! ஒரு கால்ல பூட்ஸு, இன்னொரு பூட்ஸு கையில. முள்ளு குத்தின நாரை மாதிரி தண்ணியில நொண்டி நொண்டி வர்றான். டேய், பூட்ஸக் கையில வச்சுக்கிட்டு எவன்டா சுடுவான்? துப்பாக்கி தோள்ல தூங்குது, பூட்ஸ நீட்டிக்கிட்டு வர்றான், என்னமோ அதுல இருந்து குண்டு வரும்கிற மாதிரி…

— …

— என்ன கிழவி, சத்தத்தக் காணோம்?

— ஒண்ணுமில்ல. மேல ஏசு.

— போதும். தொண்ட காஞ்சிருச்சு.

— போதுமா? சரி. போதும்தான். எனக்கும் போதும். இந்தா, நுகூவோட செருப்பு. வாங்கிக்கிட்டு எந்திரி.

— வச்சுட்டுப் போ கிழவி, எடுத்துக்கிறேன்.

— கையில வாங்கணும். பேரச் சொல்லி வாங்கணும். அதுதான் முறை.

— தியெமா… பாயோ.

— சத்தமாச் சொல்லு. ஊருக்குக் கேக்கட்டும்.

— தியெமா பாயோ!

— எல்லாரும் கேட்டீங்களா? லாஸீ, நீ கேட்டியா?

— கேட்டேன்.

— நீ என்னடா மூஞ்சிய அப்படி வச்சிருக்க? இந்தப் பக்கம் பாத்துச் சொல்லு.

— கேட்டேம்மா. பாயோ.

— அப்ப சரி. இறக்குங்க. மண்ணத் தள்ளுங்க.

*

— உள்ள போ.

— கயித்த அவுத்துவிடு, கார்ப்ரல். நல்லா ஏசினேன்ல? உங்கம்மா சிரிச்சாங்க. பாவம், சிரிச்சுக்கிட்டே…

— உள்ள போடான்னேன்.

— பூட்டு… கொக்கியில மாட்டமாட்டேன்னு சொன்னியே.

— சொன்னேன். பூட்ஸ் விசயம் உனக்கு யாரு சொன்னா?

— எந்தப் பூட்ஸ்?

— கையில இருந்த பூட்ஸ்.

— நீதான். வழியில சொன்ன.

— நான் பாட்டச் சொன்னேன். பொண்ணச் சொன்னேன். குறட்டையச் சொன்னேன், அத நீ விட்டுட்ட. பூட்ஸச் சொல்லல. தண்ணியில இருந்து அவனத் தூக்கினது நான். தனியாத் தூக்கினேன். பூட்ஸ் கையில இறுகிப்போய் இருந்துச்சு. விரலப் பிரிச்சு எடுத்து, கால்ல மாட்டிவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒத்தப் பூட்ஸோட செத்தான்னு ஊரு சிரிக்கக்கூடாதுன்னு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

— நான் அங்க நின்னேன்னு சொன்னேனே. பாத்தேன்.

— விடியாத நேரம். அக்கரையில இருந்து பாத்தா ஆளே கறுப்பாத்தான் தெரியும். கையில இருந்தது பூட்ஸுன்னு எப்படித் தெரிஞ்சது?

— கிட்டத்துல வந்துட்டான்.

— எவ்வளவு கிட்டத்துல?

— இங்க இருந்து அந்த வண்டிச் சக்கரம் தூரம். சேத்துல பூட்ஸ் மாட்டிக்கிச்சு போல, பிடுங்கிக் கையில எடுத்துக்கிட்டான். என்னப் பாத்துட்டான். அந்தக் கைய நீட்டினான். கையில என்னன்னு எனக்குத் தெரியல, கார்ப்ரல். துப்பாக்கின்னு நினைச்சேன். விழுந்தப்புறம்தான் பூட்ஸுன்னு தெரிஞ்சது.

— துப்பாக்கி சிக்கிக்கிச்சுன்னு சொன்ன.

— சிக்கல.

— வெளிய வா.

— கார்ப்ரல்…

— வெளிய வாடா. உள்ள பஞ்சு இருக்கு. ரத்தம் பட்டா லெப்டினன்ட் என்னத் திட்டுவாரு. தப்பி ஓடினான், சுட்டேன்னு சொன்னா மெடல் குடுப்பாரு. அந்தச் சக்கரத்துக்கிட்ட நில்லு. அதான தூரம்? அங்கயே நில்லு.

— குழியில பேரச் சொல்லிச் செருப்பு வாங்கினேன். ஊரு கேட்டுச்சு. பாயோவச் சுடுவியா?

— நீ பாயோ இல்லன்னு நீதானடா சொன்ன! சொல்லாம இருந்திருந்தா இப்ப நான் கையக் கடிச்சுக்கிட்டு நின்னிருப்பேன். உண்மை பேசினியே, அனுபவி.

— எனக்கு உங்க அண்ணன் மேல…

— பேசாத. திரும்பு.

— லாஸீ.

— அம்மா, நீ ஏன் இங்க வந்த? வீட்டுக்குப் போ.

— ஏசினவனுக்குப் பயறு குடுக்கணும். குடுக்காம வந்துட்டீங்க. என்ன நடக்குது?

— ஒண்ணும் நடக்கல. போ.

— துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நிக்கிற, ஒண்ணும் நடக்கலங்கிற.

— இவன்தான்மா. அண்ணனச் சுட்டது இவன்தான். இவன் வாயாலயே சொல்லிட்டான். இவன் பாயோவே இல்ல.

— அப்படியா தம்பி? நீயா?

— ஆமாம்மா. நான்தான்.

— அம்மான்னு கூப்பிடாத. லாஸீ, சுடப்போறியா?

— பின்ன என்ன செய்யச் சொல்ற? கொஞ்சச் சொல்றியா?

— சுட்டுட்டு?

— சுட்டுட்டு என்ன?

— எதுல பொதைப்ப? கையாலயா? ஒரு பிணம் ராத்திரி பகலா நாறினது போதாதா எனக்கு? உள்ள மண்வெட்டி இருக்கும். முதல்ல அத எடுத்து வை. அப்புறம் செய்யுறதச் செய்.

— நீ மொதல்ல போம்மா.

— எங்க போக? இவன் குழி மூடுறதப் பாத்துட்டுத்தான் போவேன். பாக்குற உரிமை எனக்கில்லாம யாருக்குடா? போ, எடுத்துட்டு வா. துப்பாக்கிய இப்படிக் குடு.

— உனக்கு இதப் பிடிக்கவே தெரியாது.

— நீட்டத் தெரியும். இவன் கை கட்டியிருக்கு. எங்க ஓடிருவான்? குடு.

— விரல அதுல வைக்காத. அசைஞ்சான்னா கத்து.

— ம். ஆகட்டும்.

— மண்வெட்டி எங்க கிடக்குன்னு தெரியல… இருட்டா இருக்கு…

— பஞ்சு மூட்டைக்குப் பின்னால பாரு. இன்னும் உள்ள போ. கடைசிச் செவுரு.

— இங்க ஒண்ணும்… அம்மா? அம்மா, கதவ ஏன் சாத்துற? என்ன சத்தம் அது? பூட்டுறியா? அம்மா! கதவத் திற!

— கதவ உதைக்காத. பழைய கதவுன்னாலும் பலகை கெட்டி. தம்பி, நீ கையக் காட்டு, கயித்த அறுக்குறேன்.

— அம்மா, எதுக்கு… எதுக்கு எனக்கு…

— பேசாம காட்டு.

— அம்மா! உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அவன்தான் அண்ணனக் கொன்னான்! பூட்ஸப் பத்திச் சொன்னானே, கேட்டேல்ல? அது எனக்கு மட்டும்தான் தெரியும்!

— உனக்கு மட்டுமா? பிணத்தக் கழுவினது யாருடா? வலது பூட்ஸ்ல இருந்தது நீ போடுற முடிச்சு. நுகூ அப்படிப் போடமாட்டான், சின்ன வயசுல இருந்தே வராது அவனுக்கு. அவுத்தா உள்ள பாதம் பூரா கல்லு கிழிச்ச காயம். அவன் ஒத்தக் கால் வெறுங்காலா வந்தான்னு கழுவும்போதே எனக்குத் தெரியும்.

— அப்ப… குழியில இவன் சொன்னப்பவே…

— சொன்னப்பவே தெரிஞ்சிருச்சு. அதுக்கப்புறம்தான் செருப்பக் குடுத்தேன். ஊரு கேக்க இவன் பேரச் சொல்ல வச்சேன். நீ கேட்டியான்னு உன்னக் கேட்டேன். கேட்டேன்னு சொன்ன. பாயோன்னு சொன்ன.

— அவன் பாயோ இல்லம்மா!

— நேத்து இல்ல. இன்னிக்கு என் கையால ஆக்கியிருக்கேன். பாயோவச் சுட்ட தம்சேக்கு எவன் வந்து ஏசுவான், லாஸீ? நாளைக்கு உன்னயும் தூக்கிட்டு வருவாங்க. அப்ப நான் யாரத் தேடிப் போக? லெப்டினன்ட் கேட்டா கிழவி பூட்டிட்டான்னு சொல்லு.

— அம்மா… திற…

— திறக்கமாட்டேன். நீ என்னடா மரம் மாதிரி நிக்கிற, பயறு தின்னி? துறை அந்தப் பக்கம். ஓடு. செருப்பக் கையில தூக்கிக்கிட்டு ஓடாத, கால்ல மாட்டு.